நெஞ்சு நிலத்தில் படக்கூடாது

இந்த நாட்டில் சத்தம் கேட்கக் காசு கொடுத்து வருகிறவனுக்கு, வாசலிலேயே காதை அடைக்கவும் சாமான் கொடுக்கிறார்கள். நான் கிற்றார் வாசிக்கும் மண்டபத்தின் வாசலில், கலியாண வீட்டில் கற்கண்டும் சந்தனமும் வைக்கிற மாதிரி, ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய ஆரஞ்சு நிறப் பஞ்சுக் குழல்கள் இருக்கும். சுண்டுவிரல் நுனி அளவுதான். நசுக்கிக் காதுக்குள் விட்டால் பெருத்து இறுக்கிக்கொள்ளும். 'ஓரெப்புறொப்பர்' என்று பெயர். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எங்கள் ஆட்கள் சொல்லி வைத்தார்கள். இவர்களோ சங்கையும் ஊதி, செவிடாவதற்கு வேண்டிய வசதியையும் இலவசமாகச் செய்து தருகிறார்கள். வந்த புதிதில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது அந்தக் கிண்ணத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போகிறேன்.

நான் திருகோணமலைக்காரன். துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஒழுங்கையில் வளர்ந்தவன். இப்போது நோர்வேயின் மேற்குக் கரையில், மழை விட்டால் சனம் அதிசயமாக வானத்தை நிமிர்ந்து பார்க்கிற பேர்கனில் இருக்கிறேன். பகலில் முதியோர் இல்லமொன்றில் சமையல். மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ மேடையில் டூம் மெட்டல். இதை ஊரில் இருக்கிறவர்களுக்கு விளங்கப்படுத்துவது பெரும்பாடு. கிற்றார்க் கம்பிகளைத் தளர்த்தி, இயன்றவரை தாழ்ந்த சுருதிக்குக் கொண்டுவந்து, ஆமை வேகத்தில் வாசிப்பதுதான் டூம். ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த தட்டு வருவதற்குள் பாண் வெட்டிச் சம்பலோடு சாப்பிட்டு முடித்துவிடலாம். ஆனால் சத்தம் சும்மா சத்தமில்லை. அது காதால் வராமல் கால் வழியே ஏறி வயிற்றுக்குள் குந்திக்கொள்ளும். அதற்குக் காரணம் பெடல் என்கிற சின்ன இரும்புப் பெட்டி. அது கிற்றார்காரனின் காலடியில் கிடக்கும். அதன் பொத்தானை மிதித்தால் நல்லபிள்ளையாகப் பாடிக்கொண்டிருந்த கிற்றார் உறுமத் தொடங்கிவிடும்.

என்னுடைய பெடலை நானே செய்தேன். அதன் மூடியில் வெள்ளை மையால், தமிழில், 'திருமலை' என்று எழுதி வைத்திருக்கிறேன். அது என்ன எழுத்து என்று கேட்காத ஆளில்லை. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அது என் ஊர், இந்தச் சத்தம் என் ஊர்ச் சத்தம் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

சொன்னது பொய்யில்லை. என் அண்ணா அந்த நாளில் கலியாண வீடுகளில் பைலா என்கிற துள்ளாட்டப் பாட்டு வாசிக்கிற ஒரு குழுவில் கிற்றார்காரன். எங்கள் முன்னறையில் அவருடைய ஒலிபெருக்கிப் பெட்டி, அலுமாரிக்குப் பக்கத்தில், ஒரு மூத்த மருமகனின் மரியாதையோடு நின்றது. ஒருநாள் துறைமுகப் பக்கம் ஏதோ பெரிதாக வெடித்தது. எங்கள் யன்னல் கண்ணாடிகள் கொட்டுண்டன. ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பும் கிழிந்துபோனது. பின்னேரம் அண்ணா கிற்றாரைக் கொழுவித் தட்டிப் பார்த்தார். அது தொண்டை கட்டின கடுவன் பூனை மாதிரிக் கரகரத்தது. அண்ணா தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். எனக்கோ அந்தச் சத்தம் பிடித்துப்போனது. அவர் சோற்றுப் பசையும் கடதாசியும் வைத்து ஒட்ட வந்தபோது, "இப்பிடியே கிடக்கட்டுமே அண்ணா, நல்லாத்தானே இருக்கு" என்றேன். "உனக்கென்ன விசரோ?" என்றார். ஒட்டினார். ஆனாலும் அது பழைய குரலுக்குத் திரும்பவேயில்லை. சண்டை கடுமையாகிக் கலியாண வீடுகளில் பாட்டும் கூத்தும் நின்றபிறகு, அந்தக் கிற்றாரை என்னிடம் தந்துவிட்டு, அண்ணா மீன் வாடியில் ஐஸ் உடைக்கப் போனார். இங்கே வந்து மின்சாரக் கிற்றார் ஒன்று வாங்கியபிறகு, எத்தனையோ மாலைகள் குந்தியிருந்து, கம்பியும் ஈயமும் வைத்துச் சூடுபோட்டு, அந்தக் கிழிந்த கூம்பின் குரலைத்தான் பெட்டிக்குள் பிடித்தேன்.

குடாவுக்கு அக்கரையில் இருக்கிற சம்பூர்ச் சனம் சண்டைக்குத் தப்பி எழும்பி ஓடின காலத்தில் நான் நாள்தோறும் அண்ணாவுக்குத் தொலைபேசி எடுப்பேன். கதைத்துக்கொண்டிருக்கையிலே பின்னால் தும் தும் என்று கேட்கும். கடற்படைத் தளப் பக்கமிருந்து குடாவைத் தாண்டி எறிகணைகள் போகும். சில நாட்களில் அங்காலிருந்து இங்காலும் வரும். அண்ணா கதையை நிறுத்தி, ஒரு கணம் காதுகொடுத்துவிட்டு, "பயப்பிடாதை, உது போறதுதான்" என்பார். போறது, வாறது. எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். ஒருமுறை நான், அந்தச் சத்தத்துக்குச் சுடுகிறவனுக்குக் காது போகாதா என்று கேட்டேன். அண்ணா சிரித்தார். "சுடுறவன் காதைப் பொத்திக்கொண்டு நிண்டுதான் சுடுவான். நிலத்திலை கிடக்கிறது நாங்களல்லோ."

அவரை மூன்று மாத விசாவில் கூப்பிட்டு எடுக்க நான் பட்ட பாட்டை விட்டுவிடுகிறேன். வந்தார். அண்ணியும் பிள்ளைகளும் அங்கேயே நின்றார்கள். திரும்பிப் போகாமல் நில்லுங்கள் என்று கெஞ்சினேன். "அதுகளை விட்டிட்டோ? ஏலாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். சரி, போவது போகட்டும், போவதற்கு முன்பு ஒருக்கால், ஒரேயொருக்கால், நான் மேடையில் நிற்கிறதை அவர் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அவர் தந்த கிற்றாரில் தொடங்கியவன் நான். அவர் தலையாட்டி, "பறவாயில்லையடா" என்று சொன்னால் போதும். வேறு எவன் கைதட்டினாலும் எனக்கு அது கணக்கில்லை.

மண்டபம் ஒரு காலத்தில் மீனைத் தகரத்தில் அடைக்கிற தொழிற்சாலை. உள்ளே கால் வைத்ததும் அண்ணா மூக்கை உறிஞ்சி, "இஞ்சை மீன் வெட்டியிருக்கிறாங்கள்" என்றார். அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வாசல் கிண்ணத்திலிருந்து இரண்டு ஆரஞ்சுக் குழல்களை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். ரொபி என்று நினைத்து, பிள்ளைகளுக்காக எடுத்தாராம். அது காதுக்கு வைப்பது என்று சொன்னேன். "காதை அடைச்சா, போறதோ வாறதோ எண்டு என்னெண்டு தெரியும்?" என்றார். பகிடிக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். நடுவில் நல்ல இடமாகப் பார்த்து நிற்கவிட்டு, நான் வாங்கிக் கொடுத்த நீலக் கம்பளித் தொப்பியைத் தலையில் சரிசெய்துவிட்டு மேடைக்குப் போனேன். கோடைகாலம். வெளியே நல்ல வெளிச்சம். உள்ளேதான் புகையும் இருட்டும்.

முதல் பாட்டு மெல்லத் தொடங்கும். சில நிமிடங்கள் கிற்றார் மட்டும், பூனை நடக்கிற மாதிரி. அண்ணா தலையை ஆட்டிக்கொண்டு நின்றது தெரிந்தது. பைலா ஆட்டம்தான், ஆனால் என்ன, ஆடினார். எனக்குச் சந்தோசத்தில் விரல் தடுமாறியது. பிறகு அந்த இடம் வந்தது. பெடலை மிதித்தேன். பின்னால் அடுக்கிவைத்த ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒன்றாக உறுமின. நிமிர்ந்து பார்த்தேன். நீலத் தொப்பியைக் காணவில்லை.

சனம் வட்டமாக விலகிக் கீழே பார்த்துக்கொண்டு நின்றது. வட்டத்தின் நடுவில் அண்ணா குப்புறக் கிடந்தார். முழங்கைகளை ஊன்றி, நெஞ்சை நிலத்தில் படாமல் தூக்கி, விரல்களால் காதைப் பொத்தி, வாயை ஆவெனத் திறந்துகொண்டு. எறிகணை விழும்போது நில அதிர்வு நெஞ்சைத் தாக்காமலும் செவிப்பறை கிழியாமலும் இருக்க ஊரில் படுக்கிற விதம் அது. அவருக்குப் பக்கத்தில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண்ணும் கிடந்தாள். அவளை அவர்தான் கையைப் பிடித்து இழுத்து விழுத்தியிருக்கிறார். "படு, படு" என்று அவர் கத்தினது எனக்குக் கேட்கவில்லை. பிறகு அந்தப் பெண்தான் அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்லிக் காட்டினாள்.

பெடலில் இருந்து காலை எடுத்தேன். கம்பிகளைக் கையால் அமத்தினேன். மற்றவர்களும் நிறுத்தினார்கள். யாரோ விசிலடித்தார்கள். உடனே மண்டபம் முழுவதும் கைதட்டியது. பாட்டில் அப்படி ஒரு இடம் என்று நினைத்துவிட்டார்கள். அண்ணா மெல்லத் தலையைத் தூக்கி நாலுபக்கமும் பார்த்தார். எல்லோரும் நிற்கிறார்கள், சிரிக்கிறார்கள், கைதட்டுகிறார்கள். அவர் எழும்பி, முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். தட்டிக்கொண்டே நின்றார். அந்த நேரம் நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அண்ணா யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறக்க முதல் அவரே சொன்னார்.

"நாலு பேருக்கு முன்னாலை உன்ரை மானத்தைக் கப்பலேத்திப்போட்டன், தம்பி."

"இல்லை அண்ணா, நான்தான் முன்னமே சொல்லியிருக்கவேணும்."

"மனதுக்குத் தெரியும், பாட்டுக் கச்சேரி எண்டு. உடம்புக்குத் தெரியேல்லை." தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "அந்தப் பெட்டையின்ரை கையைப் பிடிச்சு இழுத்திட்டன். ஆற்றை பிள்ளையோ. தாய் தேப்பன் கண்டிருந்தா என்ன நினைச்சிருப்பினம்?"

அவர் என்னைப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். உனக்கு இது ஒரு விளையாட்டோ என்று கேட்டிருந்தால் ஓம் என்று தலைகுனிந்திருப்பேன். அவர் வெட்கப்பட்டார். மடியில் வைத்திருந்த பைக்குள் 'திருமலை' என்று எழுதிய பெட்டி கிடந்தது. ஊரில் அண்ணி எந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளுகிறாவோ, அந்தச் சத்தத்தை நான் பெட்டிக்குள் அடைத்து, பெயரும் எழுதி, மிதித்து மிதித்துக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இத்தனை வருசத்தில் எனக்கு ஒருநாளாவது அது உறைக்கவில்லையே என்பதுதான் வெட்கம்.

எங்கள் குழுவில் பாடுகிறவள் இங்கிரிட். நல்ல பிள்ளை, ஈர நெஞ்சு. மறுநாள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போறது, வாறது, நெஞ்சு, வாய், எல்லாம். கேட்டுக் கண் கலங்கினாள். அந்தப் பாட்டை இனி வேண்டாம் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் தலையாட்டினாள். விளங்கிவிட்டது என்று வந்துவிட்டேன். அவளுக்கு விளங்கியதோ வேறு. அடுத்த கச்சேரிக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் செய்தி போயிருந்தது: கிற்றார்காரனின் அண்ணாவுக்கு மரியாதையாக, அந்தப் பாட்டில், அந்த இடத்தில், விரும்பியவர்கள் எல்லோரும் நிலத்தில் படுப்போம். இதை அவள் ஒரு பரிசுப் பொதியை நீட்டுகிற முகத்தோடு சொன்னாள். நல்ல மனத்தோடு தருகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு எந்தக் காலத்தில் வந்தது? தக், தக் என்று இரண்டு தரம் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அண்ணாவிடம் மறைக்கத்தான் பார்த்தேன். அவர் விடவில்லை. "நானும் வாறன். அந்தப் பிள்ளையிட்டை ஒரு மன்னிப்புக் கேக்காமல் ஊருக்குப் போனால் எனக்கு நித்திரை வராது" என்றார். படுக்கப்போகிறார்கள் என்று சொன்னேன். "ஏன் படுக்கினம்?" என்று கேட்டார். உங்களுக்கு மரியாதைக்காம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சப்பாத்துப் போட்டார்.

இந்தமுறையும் அவர் காதை அடைக்கவில்லை. நான் அடைத்திருந்தேன், என்றைக்கும் போல. அந்த இடம் வந்தது. மிதிக்காமல் விட்டுவிடலாமா என்று கால் ஒரு கணம் நின்றது. முன்னால் இருந்தவர்கள் ஏற்கெனவே குனியத் தொடங்கிவிட்டார்கள். மிதித்தேன். அலை விழுகிற மாதிரி மண்டபம் முழுவதும் விழுந்தது. கடற்கரையில் வெயில் காய்கிற மாதிரி மல்லாக்கக் கிடந்தார்கள். சிலர் கண்ணை மூடிக் கைகளை நெஞ்சில் வைத்திருந்தார்கள். நடுவில் அண்ணா தனியே நின்றார். உடம்பு நடுங்கியது மேடையிலிருந்தே தெரிந்தது. ஆனால் விழவில்லை. தேடித் தேடி அந்தக் கறுப்புச் சட்டைப் பெண்ணைக் கண்டுபிடித்து, அவளுக்குப் பக்கத்தில் குந்தி, கைகூப்பி ஏதோ சொன்னார். மன்னிப்புத்தான். அவள் கிடந்தபடியே சிரித்துத் தலையாட்டினாள்.

அண்ணா எழும்பவில்லை. அவள் கிடந்த விதத்தைப் பார்த்தார். இல்லை என்று தலையை அசைத்தார். இந்தமுறை அவளைத் தொடவில்லை. எட்ட இருந்து, தானே குப்புறப் படுத்துக் காட்டினார். முழங்கையை ஊன்றினார். நெஞ்சைத் தூக்கி, நெஞ்சுக்கும் நிலத்துக்கும் இடையில் கையை விட்டுக் காட்டினார். விரலைக் காதில் வைத்தார், வாயைத் திறந்தார். அவள் புரண்டு அதேமாதிரிச் செய்தாள். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்தவனிடம் போனார். அவனுக்கும் படுத்துக் காட்டினார். பிறகு அடுத்தவளிடம். கவனமாக, பொறுமையாக, ஒருவரையும் விடாமல். இவர்கள் படுக்கிறது மரியாதைக்கோ பகிடிக்கோ, அது அவருக்குப் பொருட்டில்லை. சத்தம் வருகிறது, பிள்ளைகள் பிழையாகப் படுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் மண்டபத்தின் முன்பாதி முழுவதும் குப்புற, நெஞ்சைத் தூக்கி, வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. வெள்ளைத் தோல்கள்தான். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் ஒழுங்கையை.

கடைசியாக அண்ணா மேடைக்குக் கிட்ட வந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். கீழே எல்லோரும் கிடக்க நான் நிற்கிறேன். அவர் உள்ளங்கையைக் கவிழ்த்து, கீழே, கீழே என்று அமத்திக் காட்டினார். வாய் அசைந்தது. என் இரண்டு காதிலும் ஆரஞ்சுப் பஞ்சு. ஒன்றும் கேட்கவில்லை. 'திருமலை'யில் ஒரு காலை ஊன்றியபடி, நான் நின்றுகொண்டிருந்தேன்.