கிளியை மறைத்த தாள்

காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது கிளியின் தலை. டேப்லெட் திரையின் வலது மூலையில் உட்கார்ந்திருக்கும் பச்சைக் கிளி கழுத்தை மெல்ல இடது பக்கம் சாய்த்தது. அதுவரை அந்தரத்தில் நின்றிருந்த என் பெரிய மகளின் விரல் அப்போதுதான் இறங்கியது. இடது பக்கக் குமிழி உடைந்தது. மணி அடித்தது. நட்சத்திரங்கள் கொட்டின.

பால் பாக்கெட்டோடு நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த கேள்வி வந்தது. "பட்டம்" என்றது குரல். திரையில் மூன்று குமிழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சொல். அவள் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. கிளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தயங்கும் குழந்தைக்கு உதவட்டும் என்று அந்த விளையாட்டைச் செய்தவர்கள் வைத்த ஏற்பாடு அது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் கிளி சரியான விடையின் பக்கம் சாயும். இத்தனை நாளாக என் மகள் கற்றிருந்தது சும்மா இருக்க.

அவளுக்கு அப்போது ஆறு வயது. எல்.கே.ஜி.க்கு அனுப்பியபோது, காலையில் ஷூவைக் கையில் எடுத்தாலே வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். யு.கே.ஜி. பாதியில் நான் நிறுத்திவிட்டேன். நான்கு வயதுச் சின்னவளை அனுப்பவே இல்லை. பத்திரிகை அலுவலகத்தில் பக்கம் பார்க்கும் வேலையை, அச்சுக்குப் போகுமுன் பிழை தேடும் வேலையை, சின்னவள் பிறந்தபோதே விட்டிருந்தேன். அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய எங்கள் மாடி வீட்டுக் கூடத்தில், வெயில் ஏறுவதற்குள் இரண்டு பேருக்கும் பாடம் முடிந்துவிடும். கணக்குக்குப் புளியங்கொட்டை. வாசிப்புக்கு இணையத்தில் கிடைத்த இந்தத் தமிழ் விளையாட்டு.

"ஸ்கூலுக்கும் அனுப்பல, டேப்பக் குடுத்து உக்கார வெச்சிருக்கீங்க. கேட்டா பாடங்கிறீங்க" என்று கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்.

"ஆமாங்க, பாடம்தான்" என்றேன்.

இதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. அந்தத் திரை என் மகளிடம் பக்கத்துப் பிள்ளையைப் பார் என்று சொன்னதில்லை. தப்பான குமிழியைத் தொட்டால் குமிழி லேசாக ஆடும், அவ்வளவுதான். மறுபடி தொடலாம். அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள அவள் ஒருநாளும் பயந்ததில்லை.

ஆனால் என் கணவர் தன் அக்காவிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். என் நாத்தனார் கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருக்கிறார், ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அந்தப் பள்ளியில் பெரியவளுக்காக ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். மே மாதக் கடைசியில் அவர் வந்து பெரியவளைப் படிக்கச் சொல்லிப் பார்ப்பார். படித்தால் இப்படியே இருக்கலாம். படிக்காவிட்டால் ஜூனில் பள்ளிக்கூடம். நானும் ஒப்புக்கொண்டிருந்தேன். தினமும் கொட்டிய நட்சத்திரங்களை நம்பி ஒப்புக்கொண்டது அது.

திருவெறும்பூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் கணவர் வந்து இறங்கியதும் கிளி விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார்.

"கெட்டிக்காரிதான்." பிறகு முகம் மாறியது. "அப்ப அவளுக்கு எதுவுமே தெரியாதா? அந்த கேமை முதல்ல நிறுத்து."

"கேமை ஏன் நிறுத்தணும்? கிளியை நிறுத்தறேன்."

"அக்கா கேட்டா என்ன சொல்றது?"

"உள்ளதைச் சொல்லுங்க."

நான் பக்கம் பார்த்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. படத்தைக் கையால் மூடிக்கொண்டுதான் அதன் கீழே இருக்கும் வரியைப் படிக்க வேண்டும். படம் தெரிந்தால் கண் படத்தைப் படித்துவிடும், வரியில் இருக்கும் தப்பு நழுவிவிடும். தினசரி காலண்டரில் கிழித்த தாளை மடித்துத் திரையின் வலது மூலையில் செல்லோடேப்பால் ஒட்டினேன்.

"கிளி எங்கம்மா?"

"தூங்குது."

"எழுப்பு."

"எழுப்ப மாட்டேன்."

தாளைப் பிய்த்தாள். மறுபடி ஒட்டினேன். "அக்காவுக்குக் கிளி இல்லாம ஒண்ணும் தெரியாது!" என்று சின்னவள் கை கொட்டினாள். பெரியவள் அவளைக் கிள்ள, அன்றைய பாடம் அழுகையில் முடிந்தது. அந்த வாரம் முழுக்க நட்சத்திரமே இல்லை. குமிழிகள் ஆடிக்கொண்டே இருந்தன. அவள் பழகிப்போன மூலையைப் பார்ப்பாள், காலண்டர் தாளில் தேதிதான் தெரியும், பெருமூச்சு விட்டுக் குமிழிக்குத் திரும்புவாள். முதலில் முதல் எழுத்தை மட்டும் பார்த்துத் தொட்டாள். 'பட்டம்' என்றால் 'பல்'லையும் தொட்டாள். பிறகு கடைசி எழுத்துவரை விரலை ஓட்டினாள்.

நட்சத்திரங்கள் திரும்பி வந்தன. இந்த முறை நான் அவற்றை நம்பவில்லை. ஒரே ஆள் சொன்னதை வைத்துச் செய்தி போடக்கூடாது என்பதும் அந்த அலுவலகத்துப் பழக்கம்தான். ஒருநாள் காலை காய் வாங்கிக்கொண்டு மூவரும் திரும்பும்போது, டயர் தொங்கும் ஒரு கடை முன் பெரியவள் நின்றுவிட்டாள். பலகையைப் பார்த்து, "ப... ஞ்... ச... ர்" என்றாள். விளையாட்டில் அந்தச் சொல் கிடையாது. அவளுக்கு யாரும் அதைக் காட்டியதும் கிடையாது. கடைக்காரர் நிமிர்ந்து, "சைக்கிள் எங்க பாப்பா?" என்றார்.

மே மாதக் கடைசி ஞாயிறன்று நாத்தனார் ஒரு சீப்பு பூவன் பழத்தோடும் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தோடும் வந்தார். கணவர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் என்பது வாசலிலேயே தெரிந்தது.

"என்னம்மா, கிளி ஜோசியம் எப்படிப் போவுது? சீட்டு எடுத்துக் குடுத்துச்சா?"

"கிளியைக் கூண்டுல போட்டாச்சு அண்ணி. உக்காருங்க, காபி கொண்டு வரேன்."

காபி ஆறும்வரைகூட நாத்தனார் காத்திருக்கவில்லை. பெரியவளைத் தரையில் உட்காரவைத்து, எதிரே தானும் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தார். "எங்க, அத்தைக்குப் படிச்சுக் காட்டு தங்கம்."

அவள் படித்தாள். தடங்கலே இல்லை. ஒரு காக்கையும் குளமும் வரும் பாடம், முழுப் பக்கம். வாசலில் நின்ற கணவரின் முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே! எங்க கிளாஸ்ல பாதிப் பேரு இப்படிப் படிக்க மாட்டாங்க" என்றார் நாத்தனார்.

அத்தோடு முடிந்திருக்கலாம். இடம் வேண்டாம் என்று அவரே சொல்லியிருப்பார். ஆனால் நான் புத்தகத்தைப் பார்க்கவில்லை, என் மகளின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அது மேலே போய் வந்தது. நாத்தனாரின் உதடு ஒவ்வொரு சொல்லையும் அவளுக்கு ஒரு கணம் முன்னால் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. பல வருடம் வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து சொல்லிப் பழகிய உதடு. அவருக்கே அது தெரியாது.

"அண்ணி, எதிர்ல வேண்டாம். அவ பக்கத்துல வந்து உக்காருங்க. வேற பக்கம் குடுங்க."

"அதான் படிச்சிட்டாளே?"

"உங்க வாயைப் பார்த்துப் படிச்சா."

"உனக்கு என்ன பைத்தியமா?" என்றார் கணவர், மெதுவாக. நாத்தனார் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. புத்தகத்தின் நடுவில் எங்கேயோ திருப்பினார்.

பெரியவள் நிமிர்ந்தாள். எதிரே வெறும் சுவர். என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஆ... டு" என்று கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. மாடிப்படியில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு ஏறினார்கள். "ஓ... டை... யில்." நாத்தனார் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. "சொல்லாதீங்க அண்ணி" என்றேன், திரும்பாமலே. "தண்... ணீர்... தண்ணீர்... குடி... த்தது." அடுத்த வரியில் ஒரு சொல்லைத் தப்பாகப் படித்தாள், விரலை முதலெழுத்துக்குக் கொண்டுபோனாள், திருத்திக்கொண்டாள். நாலு வரி முடிவதற்குள் நாத்தனாரின் காபி ஆடை கட்டிவிட்டது.

"இதுக்குப் போய் இவ்வளவு நேரமா?" என்றார் நாத்தனார். "கிளாஸ்ல ஒரு பிள்ளைக்கு நாங்க இதுல கால்வாசி நேரம்கூடக் குடுக்க முடியாது, தெரியுமா?"

"தெரியும் அண்ணி. அதனாலதான் அனுப்பல."

நாத்தனார் ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார். பிறகு தம்பியைப் பார்த்து, "படிக்கிறாடா" என்றார்.

"அக்காவே சொல்லிட்டாங்க" என்றார் கணவர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஜூனில் பள்ளி திறந்த அன்று, பள்ளிக்கூடத்து மஞ்சள் வேன் எங்கள் வீட்டு முன் நிற்காமல் தாண்டிப் போய் அடுத்த தெருமுனையில் நின்றது.