மாதவனுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள்

மேலகரத்தில் பெர்சிஸ் நடத்தும் வாடகை நூலகத்தில் ஒன்பது வருடமாக ஒருவரும் சாகவில்லை. கதைகளுக்குள்ளே சாவதைத்தான் சொல்கிறேன்.

அவள் கணவர் பெஞ்சமின் மாரடைப்பில் போன வருடம் தொடங்கிய வேலை அது. எந்த நாவல் வந்தாலும் முதலில் அவள்தான் படிப்பாள். எவனாவது செத்தால், எவளாவது மோசம்போனால், மைதாப் பசை காய்ச்சி அந்தப் பக்கங்களைச் சேர்த்து ஒட்டிவிடுவாள். முந்நூறு பக்க நாவல் நூற்றெண்பதில், எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதோடு முடிந்துவிடும்.

“மனுசன் நிம்மதியாத் தூங்கத்தான படிக்கான்? அழணும்னா வீட்டுல ஆளா இல்ல?” என்பது அவள் கட்சி. இந்த நிம்மதிக்காக ஆய்க்குடியிலிருந்தும் இலத்தூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள் என்றால் பாருங்களேன்!

ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் அவள் படிக்காமலே ஒட்டினாள். பெஞ்சமின் சாகும்போது படித்துக்கொண்டிருந்தது. 212ஆம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பக்கத்தில் கதாநாயகனும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். இவனும் போய்விட்டான் என்று தெரிந்தால் தாங்க முடியாது. மிச்சத்தை அப்படியே ஒட்டி மேல்தட்டில் போட்டுவிட்டாள்.

இந்த வருடம் குற்றாலத்துச் சாரல் பதினெட்டு நாள் விடாமல் அடித்தது. உடுத்த துணியே காயாத ஊரில் மைதாப் பசை எந்த மூலைக்கு? வீட்டுக்கு வீடு பக்கங்கள் வாயைப் பிளந்துகொண்டன.

முதலில் ஓடி வந்தவள் சங்கரேஸ்வரி. மாதவன் கல்யாணத்தோடு முடியும் நாவலை நாலாவது தடவையாக எடுத்துப் போனவள்.

“யக்கா, மாதவன் லாரியில அடிபட்டுச் செத்துட்டானாம்லா! மூணு வருசமா எங்கிட்ட மறச்சிட்டியளே, நல்லாருப்பியளா?”

பின்னாலேயே இன்னொரு வாசகி முப்பிடாதியம்மாள் வந்தாள். சாவு விழுந்த துட்டி வீட்டில் அடுப்பு எரியக் கூடாதென்று பிளாஸ்க்கில் காபி வேறு. மத்தியானத்துக்குள் பதினோரு பேர் வராந்தாவில் உட்கார்ந்து, மாதவன் எப்பேர்ப்பட்ட பிள்ளை என்று மூக்கைச் சிந்தினார்கள். பதினாறாம் நாள் விசேஷம் எப்போது என்றுகூட ஒருத்தி கேட்டுவிட்டாள்.

நூலகத்தை இழுத்து மூட வேண்டியதுதான் என்று பெர்சிஸ் நினைத்தாள். துட்டி வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாதில்லையா, அவர்களும் சொல்லாமலே எழுந்து போனார்கள்.

முப்பிடாதியம்மாள் மட்டும் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, சங்கரேஸ்வரி விட்டுப்போன மாதவன் நாவலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“இத திருப்பி ஒட்டி வையுங்க. இந்தத் தடவ கொஞ்சம் கெட்டியா.”

அவள் போன பிறகு பெர்சிஸ் ஸ்டூல் போட்டு மேல்தட்டுக்கு ஏறினாள். பெஞ்சமினின் புத்தகத்திலும் பசை விட்டுப்போயிருந்தது. பசைக் கிண்ணத்தைத்தான் எடுத்திருக்க வேண்டும். கை கேட்கவில்லை. 213ஆம் பக்கத்தைப் புரட்டினாள்.

டாக்டர் வெறும் வாயு என்றார். கதாநாயகன் வீட்டுக்குப் போய், நெத்திலிக் குழம்பில் உப்பில்லை என்று மிச்சத் தொண்ணூறு பக்கமும் பெண்டாட்டியோடு சண்டை போட்டான். ஒரு ஈ எறும்புகூடச் சாகவில்லை.

பெர்சிஸ் ஸ்டூலில் நின்றபடியே ஓவென்று அழுதாள்.

“ஏங்க, கேட்டியளா? அவனுக்கு ஒண்ணுமில்லியாம். வெறும் வாயுதானாம்!”