இரண்டாவது சுமித்ரா

அந்த இல்லத்தில் பதினெட்டாவது பிறந்தநாள் நெருங்கினால் பிள்ளைகள் நாட்காட்டிப் பக்கம் பார்க்கமாட்டார்கள். கேக் வெட்டுவார்கள், கைதட்டிப் பாடுவார்கள், கடைசியில் ஒரு புதுச் சூட்கேஸைக் கையில் கொடுப்பார்கள். சூட்கேஸ் எதற்கு என்று எந்தப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மூன்று மாதத்துக்குள் கட்டிலைக் காலி பண்ண வேண்டும். சட்டம் அப்படி என்றார்கள். பதினெட்டு வயதானால் பசிக்காதா, பயம் விட்டுப்போகுமா என்று சட்டத்தைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

2007 பெப்ரவரி பதினோராம் திகதி அந்தச் சூட்கேஸ் சுமித்ராவின் கைக்கு வந்தது. நீல நிறம். அடியில் உருளும் ஒரு சில்லு ஆடியது. இரத்தினபுரிக்கு வெளியே, நாற்பது பெண் பிள்ளைகள் இருந்த அந்த இல்லத்தில் அவள் பத்து வருடம் வளர்ந்தவள். அம்மா பாம்பு கடித்து இறந்ததும் அப்பா இருளப்பன்தான் கொண்டுவந்து விட்டார். கஹவத்தைக்கும் ஓப்பநாயக்கவுக்கும் நடுவில், ரப்பரும் தேயிலையும் உள்ள ஒரு தோட்டத்தில் அவருக்கு ரப்பர் பால் வெட்டும் வேலை. விடியுமுன் மலை ஏறுகிறவர் பெண் பிள்ளையை லயத்து வரிசையில் ஒற்றைக் காம்பராவில் பூட்டிவைத்துவிட்டா போவார்? தீபாவளிக்குத் தீபாவளி ஒரு பையில் மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கிக்கொண்டு வருவார். அவள் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் போய்விடுவார்.

பள்ளிக்கூடத்தில் சுமித்ராவுக்கு மக்கு என்று பெயர். எட்டு வயதென்று சொல்லி மூன்றாம் வகுப்பில் உட்காரவைத்த பிள்ளைக்குத் தன் பெயரை எழுதத் தெரியவில்லை. வகுப்பிலேயே அவள்தான் குட்டை. அடிமட்டத்தால் விரல் மொழியில் அடி வாங்காத நாள் குறைவு. பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சையில் கணக்கும் இங்கிலீசும் கைவிட்டன. பத்து வருடம் ஒரே பேச்சைக் கேட்டால் யார்தான் நம்பமாட்டார்கள்? தான் மக்குதான் என்று அவளும் முடிவு கட்டியிருந்தாள்.

தையல் மெஷினில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கே அவள் மேல் ஒரு மரியாதை வந்தது. இல்லத்தை விட்டுப் போன பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று யாரோ விசாரித்திருக்கிறார்கள். ஒருத்தி கொழும்பில் பாத்திரம் கழுவுகிறாள், இன்னொருத்தி இருக்கிற இடமே தெரியவில்லை என்றதும் ஐந்து ஜூக்கி மெஷின் வந்து இறங்கியது. பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வருடப் பயிற்சி. காலரும் கையும் பொருத்துவதில் சுமித்ராவை அடிக்க ஆளில்லை. கொழும்பிலிருந்து ஒரு நிறுவனத்துக்காரர் வந்து, நேர்முகப் பரீட்சையில் எப்படி உட்கார வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஐந்து வருடத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று காகிதத்தில் எழுதச் சொன்னார். சுமித்ரா 'சூப்பர்வைசர்' என்று எழுதி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தாள்.

பயிற்சி பலித்தது. அவிசாவளைப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்று நான்கு பிள்ளைகளைத் தெரிவு செய்தது. அதில் சுமித்ரா ஒருத்தி. தங்க இடமும் உண்டு. ஏப்ரல் முடிவதற்குள் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் அட்டை இல்லாத தமிழ்ப் பெண் கொழும்பு ரோட்டில் பஸ் ஏறினால் இறங்குவது பொலிஸ் வாசலில்தான். ஓ.எல். பரீட்சைக்குப் பள்ளிக்கூட அதிபர் படம் ஒட்டிக் கையெழுத்துப் போட்ட கடிதம் போதுமாக இருந்தது. இப்போது அட்டையே வேண்டும். இருளப்பன் அன்றைக்குக் கொடுத்துவிட்டுப் போன பிறப்புச் சான்றிதழ் மடிப்புக்கு மடிப்பு கிழிந்திருந்ததால், புதுப் பிரதி எடுத்துவரச் சொன்னார்கள்.

இல்லத்தின் மேட்ரன் புஷ்பம் அவளைக் கூட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனாள். கத்துகிற வாய்தான், ஆனால் பிள்ளைகளுக்காக யார் காலிலும் விழுகிற மனுசி. எழுதுவினைஞர் பெரிய புத்தகத்தைப் புரட்டி, பெயரைக் கண்டுபிடித்து, ஓரத்தில் சிவப்பு மையில் இருந்த குறிப்பைப் பார்த்தார். எழுந்துபோய் வேறொரு புத்தகத்தை எடுத்து வந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"மே ளமயா மெரிலா, மிஸ்."

சிங்களம் சுமித்ராவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்தப் பிள்ளை செத்துவிட்டது என்கிறார். பத்து மாதக் குழந்தை, வயிற்றுப்போக்கு, 1989 டிசம்பர், தகப்பன் பெயர் இருளப்பன், அதே தோட்டம், அதே லயம். அவர் விரலை வைத்து வரிவரியாகக் காட்டினார். பாவம், நல்ல மனிதர். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

புஷ்பம் அவளைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, பயம்.

"அப்ப நீ யாருடி?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி மறுநாளே சுமித்ரா தோட்டத்துக்குப் பஸ் ஏறினாள். அப்பா மலையிலிருந்து இன்னும் இறங்கி வரவில்லை. அடுத்த காம்பராவில் இருந்த தங்கம்மா, ஊரில் எல்லாரும் மறந்ததை மறக்காத கிழவி, அவளை உட்காரவைத்துத் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

மூத்த பிள்ளைக்கும் சுமித்ரா என்றுதான் பேர். அது போனபோது தாய்க்காரி ஒரு வருடம் சோறு ஒழுங்காகத் தின்னவில்லை. 91 மார்ச்சில் மறுபடி ஒரு பெண் பிறந்ததும், போன பிள்ளையே திரும்பி வந்துவிட்டது என்று அதே பெயரை வைத்தார்கள். எமன் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று முறத்தில் போட்டு, தங்கம்மாவிடம் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கினார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறப்பைப் பதியச் சொன்னபோது இருளப்பன் சிரித்தாராம். ஒரே பேர், ஒரே தகப்பன், ஒரே லயம், ஒரே பிள்ளை. கடுதாசிதான் பெட்டியில் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

"செத்தத யாரு பதிஞ்சா, அம்மாயி?"

"ஆஸ்பத்திரிக்காரரு எழுதி அனுப்பிப்புட்டாரு. ஒங்கப்பனுக்குத் தெரியவே தெரியாது. அவன் வாயால அந்தப் பேச்ச எடுத்ததே இல்ல. எங்களயும் எடுக்க விட்டதில்ல. பேசுனா வந்த பிள்ள திரும்பிப் போயிரும்னு சொல்லுவாங்கல்ல."

சுமித்ரா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். 91 மார்ச் என்றால் இப்போது பதினாறு கூட முடியவில்லை. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தது ஆறு வயதுப் பிள்ளை. ஓ.எல். எழுதியது பதினாலு வயதுப் பிள்ளை. விரல் மொழியை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். அழுகை அப்போதுதான் வந்தது, அதுவும் கோபத்தோடு வந்தது.

விஷயத்தைக் கேட்ட புஷ்பம் மேட்ரன் உடனே கணக்குப் போட்டாள். பதினாறு வயதுக்காரியைத் தொழிற்சாலை எடுக்காது, சரி. ஆனால் பதினாறு என்று நிரூபித்துவிட்டால் இரண்டு வருடம் இல்லத்திலேயே இருக்கலாம். மெஷினை விடாமல் பழகலாம். பிறகு அதே தொழிற்சாலைக்குக் கையில் அட்டையோடு போகலாம். புதிதாகப் பிறப்பைப் பதிய வேண்டும். அதற்கு முதலில் ஒரு சத்தியக் கடதாசி. இரண்டு பிள்ளை பிறந்தது, மூத்தது செத்தது, உயிரோடு இருப்பது இளையது என்று தகப்பன் சமாதான நீதவான் என்கிற ஜே.பி. முன்னால் தன் வாயால் சொல்லிக் கைநாட்டு வைக்க வேண்டும். மே பதினோராம் திகதிக்குள் எல்லாம் நடக்க வேண்டும். அன்றைக்குக் கட்டில் வேறு பிள்ளைக்கு.

இருளப்பன் மாட்டேன் என்றுவிட்டார்.

"ரெண்டு பிள்ளன்னு யாரு சொன்னா? ஒண்ணுதான். போச்சு, ஒங்கம்மா அழுத அழுகையில திரும்பி வந்துருச்சு. நீதான் அது."

"பதிவுக் கச்சேரிப் புத்தகத்துல நான் செத்துட்டேன்னு இருக்குப்பா."

"அவுங்க எழுதுனா எழுதட்டும். நான் சொல்ல மாட்டேன். சொன்னா நீ போயிருவ."

மூன்று ஞாயிற்றுக்கிழமை போனாள். மூன்று தரமும் அதே பதில். சத்தம் போட்டாள், காலைப் பிடித்தாள். அவர் பால் வாளியை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். முட்டாள் மனுசன் என்று திட்டுவது சுலபம். பதினாறு வருடம் அந்த ஒரு சொல்லை வாய்க்குள் பூட்டி வைத்துத்தான் அந்தப் பிள்ளையை அவர் உயிரோடு காத்து வந்தார், அவர் கணக்கில்.

நான்காவது ஞாயிறு மே ஆறாம் திகதி. அன்றைக்கு சுமித்ரா சத்தம் போடவில்லை.

"சொல்லுங்கப்பா, சொல்லாம இருங்க. சொல்லாட்டியும் நான் செத்துருவேன். வெள்ளிக்கிழமையோட என்னய வெளிய விட்டுருவாங்க. கையில ஒரு கடுதாசி கெடையாது. எந்த ரோட்டுல எவன் கையில கெடப்பேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

இருளப்பன் கையைக் கழுவினார். வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

மர்சூக் ஹாஜியார் டவுனில் இரும்புக்கடை வைத்திருந்தார். அவர்தான் ஜே.பி. ஆணிப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு மேசையில் கடதாசியை விரித்தார். புஷ்பம் மேட்ரனும் வந்திருந்தாள்.

"நான் வாசிப்பேன், நீங்க ஒவ்வொண்டுக்கும் வாயாலே சொல்லோணும்," என்றார் ஹாஜியார். "பொறகுதான் கைநாட்டு."

இருளப்பன் மகளைப் பார்த்தார்.

"நீ வெளிய போ. ரோட்டுக்கு அந்தாண்ட போயி நில்லு. காதப் பொத்திக்க."

அவள் போனாள். ரோட்டைத் தாண்டி, மூடியிருந்த ஒரு கடையின் கதவோரம் நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அங்கிருந்து கடைக்குள் தெரிந்தது. அப்பாவின் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. ஹாஜியார் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். பிறகு ஒரு சின்னச் சொல்லுக்கு வேண்டிய அளவு அந்த வாய் அசைந்தது. கட்டை விரலை மையில் தோய்த்துக் கொடுத்தார்கள். அதை அழுத்தும்போது இருளப்பன் கடதாசியைப் பார்க்கவில்லை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவளையே பார்த்தார்.

அவ்வளவு செய்தும் என்ன வந்தது? கடதாசி நேர்த்தியாக இருக்கிறது, ஆனால் சத்தியக் கடதாசி பிறப்புச் சான்றிதழ் ஆகாது என்றார்கள் இல்லத்தை நடத்தியவர்கள். புதுச் சான்றிதழ் வரும்வரை இல்லத்துக் கோப்பில் இருப்பது பழையதுதான். பழையதன்படி அவளுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. புஷ்பம் மேட்ரன் மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள், ஒரு தரம் நேரிலும் போய் அழுதாள். ஒரு அலுவலகத்தில் செத்தவள், இன்னொன்றில் பெரியவள். பதினாறு வயதுப் பெண்ணாக அவளைச் சேர்த்துக்கொள்ள எந்த மேசையிலும் இடம் இல்லை. வெள்ளிக்கிழமை சுமித்ரா நீலச் சூட்கேஸை இழுத்துக்கொண்டு இல்லத்து வாசல் படலையைத் தாண்டினாள். ஆடுகிற சில்லு பஸ் தரிப்பிடத்துக்குப் போகுமுன்பே கழன்று விழுந்தது.

மற்ற மூன்று பிள்ளைகளும் அவிசாவளைக்குப் போனார்கள். சுமித்ரா அப்பாவின் லயத்துக்குப் போனாள். திங்கட்கிழமை காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு கொழுந்து எடுக்க அனுப்பினார். அட்டை, சான்றிதழ், வயது, எதையும் அங்கே ஒருவரும் கேட்கவில்லை. காலர் பொருத்தப் பழகிய விரல்கள் ஒரு வாரத்தில் கறுத்துப்போயின.

சத்தியக் கடதாசியைக் கொடுத்து எட்டு மாதம் கழித்துப் பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 1991ஆம் ஆண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிப் பிரசவப் புத்தகம் வேண்டுமாம். தோட்டம் 92இல் கம்பனிக்குக் கைமாறியபோது பழைய புத்தகங்களை அள்ளி வெளியே போட்டார்கள் என்று தங்கம்மா சொன்னாள். அதை எழுதி அனுப்பினார்கள். தவிட்டுக்கு வாங்கியவள் தான்தான் என்று தங்கம்மாவும் ஒரு கைநாட்டு வைத்து அனுப்பினாள். அதற்கும் பதில் இல்லை. கேட்டுப் போனால், பார்ப்போம் என்றார்கள். 2009 ஆகியும் அதையேதான் சொன்னார்கள். கடதாசியை நம்பாமல் கணக்குப் போட்டால் அப்போது அவளுக்கு நிஜமாகவே பதினெட்டு. கேக் வெட்ட ஆளில்லை.

கைநாட்டு வைத்த நாளிலிருந்து இருளப்பன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பிள்ளே என்பார், இல்லாவிட்டால் இருமிக் காட்டுவார். ஒரு காய்ச்சல் வந்தாலும், மலையில் அவள் கால் சறுக்கினாலும், தன் வாயால் வந்தது என்று ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவார். தப்பு அவர் வாயில் இல்லை என்று அவளும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

விடியுமுன் பால் வெட்டப் புறப்படும்போது அவர் கத்தியையும் வாளியையும் வாசலில் வைத்துவிட்டு உள்ளே வருவார். அவள் படுத்திருக்கும் பாயின் ஓரத்தில் குனிந்து, போர்வைக்கு வெளியே தெரியும் காலைத் தொட்டுப் பார்ப்பார். குளிரில் சில்லிட்ட கால் என்றால் இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடிப்பார். இரண்டு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை.

அவள் கண்ணைத் திறக்காமலே சொல்லுவாள்.

"இருக்கேன்பா."