புறங்கைக்காரி

ஐஸ் தொழிற்சாலையில் உப்புநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்குப் புறங்கைக்காரி என்று பெயர். கதவோ கம்பியோ, முதலில் புறங்கையால்தான் தொடுவாள். உள்ளங்கையில் மின்சாரம் பாய்ந்தால் விரல்கள் மடங்கி இறுகிக்கொள்ளும். அப்புறம் விடுவிக்கவே முடியாது. "புருஷனையும் புறங்கையாலதான் தொடுவியாடி?" என்று அங்கேயே ஐஸ் உடைக்கும் அண்ணி கேட்டு, விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அன்று மதியம் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. மோட்டார் வயர் எங்கோ தோலுரிந்து தொட்டியில் பட்டிருக்கிறது. ஃபிட்டரான அண்ணன் தொட்டியின் இரும்பு விளிம்பைப் பிடித்தவர் பிடித்தபடியே நின்றார். பல் கிட்டிவிட்டது, சத்தம் வரவில்லை. அவர் காலடியிலிருந்து ஆறு தப்படி தூரத்துக்குச் சிந்திய உப்புநீர். இரும்பைப் போலவே அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். போய்த் தொட்டால் இரண்டு பிணம்.

அண்ணன் கண்கள் அவளையே பார்த்தன. அவள் முதுகைக் காட்டி ஓடினாள்.

"அடிப்பாவி! கூடப் பொறந்தவனை விட்டுட்டு ஓடுறாளே!"

அலறியபடி ஈரத்தில் இறங்கப்போன அண்ணியை ஓட்டத்திலேயே நெட்டித் தள்ளினாள். வாசலோரம் இருந்த மெயின் சுவிட்சை இழுத்தாள். மோட்டார் அடங்கியது. அண்ணன் சரிந்தார்.

மாலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருக்குப் பேச்சு வந்தது.

"பாசத்துல வந்து என்னைத் தொட்டுடுவாளோன்னுதான் உயிரே நடுங்குச்சு. நல்லவேளை, ஓடிட்டா."

புருஷன் நெற்றியைத் தொடக் கையை நீட்டிய அண்ணி, பாதியில் நிறுத்தி, புறங்கையைத் திருப்பினாள்.