பரிசுக் கிடேரி தின்ற சோறு

போன மாதம் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் கால்நடை மருத்துவ முகாம் நடந்தது. கிடேரிக் கன்றுகளுக்குப் போட்டியும் வைத்திருந்தார்கள். என் மகள் தன் கன்றை ஓட்டிப் போனாள். நானும் கூடப் போனேன். பதினாறு கன்றுகள் வந்திருந்தன. வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் எங்கள் கன்றுக்குக் கொடுக்கப் பையிலிருந்து பன் எடுத்தார். எனக்குப் பயமாகிவிட்டது. ஓடிப்போய் அவர் முன்னால் நின்றுகொண்டேன்.

"யப்பா, நீங்க வீட்டுக்குப் போங்க. கூட்டத்தப் பாத்து மெரளாத கன்னு ஒங்களப் பாத்து மெரளுது" என்றாள் மகள்.

நான் போகவில்லை. இந்தப் பயம் எட்டாம் வகுப்பு படிக்கும்போது என்னைப் பிடித்தது.

அந்த வருடம் தை மாதம், இலுப்பூரில் நடந்த கால்நடைக் கண்காட்சிக்கு எங்கள் செவலைக் கிடேரியைக் கொண்டுபோனோம். ஒன்பது மாதக் கன்று. அதன் தாய்ப்பசு, அம்மாவுக்கு மாமா சீராகக் கொடுத்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவர்கள் முன்னால் மூன்று சுற்று நடப்பது என் வேலை. மாட்டு டாக்டர் கன்றின் உதட்டைப் பிதுக்கிப் பல்லைப் பார்த்தார், தோலை இழுத்துப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். என்னையே அப்படிப் பார்ப்பதுபோல் கூசியது. முதல் பரிசு எங்களுக்குத்தான். ஒரு எவர்சில்வர் வாளியும் கன்றின் கழுத்துக்குச் சிவப்பு ரிப்பனும் கொடுத்தார்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் ஆரத்தி எடுத்தார்கள். ஜெயித்து வந்த மாடு விருந்தாளி மாதிரி. வெறும் வயிற்றோடு அதைத் தாண்டிப் போகவிட எந்த வீட்டுக்கும் மனம் வராது. வீட்டுக்கு வீடு சோறு வந்தது. வேண்டாம் என்று பெரியவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை; ஊட்டியதை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தேன். பயம் வந்தால் எண்ணுவது அப்போதே இருந்தது. இருபத்தேழு கை சோறு, ஒன்பது வாழைப்பழம். கடைசியாக மாமா ஒரு குண்டான் சர்க்கரைப் பொங்கலோடு வந்தார்.

"நம்ம வீட்டுப் புள்ளடா இது. இன்னைக்கு அதுக்குத்தான் மொதப் பந்தி!"

கன்று குண்டானை நக்கித் துடைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை. கழுத்தைத் திருப்பி விலாவில் சாய்த்துக் கிடந்தது. இடது வயிறு பானை கவிழ்த்தாற்போல் உப்பியிருந்தது. அசை போடவில்லை, மூக்கு காய்ந்திருந்தது.

"அத்தன பேரு பாத்தா கண்ணுபடாம என்ன செய்யும்?" என்று அம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். தெம்பு வரட்டும் என்று அப்பா கஞ்சி காய்ச்சச் சொன்னார். டாக்டரைக் கூட்டிவர இலுப்பூருக்குச் சைக்கிள் மிதித்தவர் மாமாதான்.

நேற்று ரிப்பன் கட்டிய அதே டாக்டர் வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "நேத்து என்னங்க குடுத்தீங்க?"

"எப்பயும் போலத்தாங்க. வைக்கோலு, கொஞ்சம் புல்லு" என்றார் அப்பா.

அப்பா பொய் சொல்லவில்லை. தீவனம் என்றால் தொழுவத்தில் போடுவது. ஆசையாக ஊட்டியது அவருக்குத் தீவனத்தில் சேராது.

"வயித்துல வெறும் காத்துன்னா எண்ணெய் குடுத்தாப் போயிரும். சோறு கீறு தின்னுருந்தா வேற வைத்தியம் பாக்கணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மாமா துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார். வாளியில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. சொன்னால் மாமாவைக் காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாவிட்டால் கன்று செத்துப்போகும்.

"இருபத்தேழு கைங்க" என்றேன்.

"என்னது தம்பி?" என்றார் டாக்டர்.

"சோறுங்க. ஒம்பது வாழப்பழம். அப்பறம் ஒரு குண்டான் பொங்கலு."

"குண்டானா! யாரு குடுத்தா?"

"நாந்தான்" என்றார் மாமா. "ஏன் மாப்ள, எம் பொங்கல்ல வெசமா கெடந்துச்சு?"

"வாய மூட்றா. பெரியவுகளப் போயி..." என்று அப்பா கையை ஓங்கினார்.

"அவன் வாய மூடுனா நீங்க குழி வெட்ட வேண்டியதுதான்" என்றார் டாக்டர். "மொதல்ல அந்தக் கஞ்சிய அங்கிட்டுத் தூக்குங்க. அரிசி மேல அரிசிய ஊத்திக் கொல்லப் பாக்குறீங்களா?"

சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து மூங்கில் குழாயால் வாயில் புகட்டினார்கள். தாடையைப் பிடித்துக்கொண்டவர் மாமா. என் பக்கம் திரும்பவே இல்லை. மத்தியானத்துக்குள் வயிறு இறங்காவிட்டால் விலாவைக் கிழித்துச் சோற்றை வெளியே எடுக்க வேண்டும், அதற்குப் பிறகும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

பிற்பாடு நான் சுகாதார ஆய்வாளர் ஆனேன். கோட்டைப்பட்டினத்திலிருந்து ஆவூர் வரைக்கும், விருந்து சாப்பிட்டவர்கள் வாந்தி எடுக்கிறார்கள் என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் சோறு, குழம்பு என்பார்கள். யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று கேட்பேன். அப்போதுதான் பிரசாதம் வெளியே வரும், பக்கத்து வீட்டுப் பாயசம் வரும், சம்பந்தி ஊட்டிவிட்ட லட்டு வரும். அன்பாகக் கொடுத்ததை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. கெட்டிக்காரர் என்று ஆபீசில் சொல்வார்கள். பதில் வருவதற்குள் யாராவது செத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே நான் கேட்பது அவர்களுக்குத் தெரியாது. முப்பத்து மூன்று வருட வேலையில் நிம்மதியாகச் சாப்பிட்ட கல்யாணப் பந்தி ஒன்றுகூட இல்லை.

அன்று தொழுவத்தில் அப்படித்தான் கிடந்தேன். கன்றின் விலா ஏறி இறங்குவதை எண்ணினேன். எண்ணிக்கை தவறினால் அது நின்றுவிடும் என்று நம்பினேன். மத்தியானம் வயிற்றுக்குள் தண்ணீர் உருளுவதுபோல் சத்தம் கேட்டது. புளித்த வாடையோடு நீளமாக ஒரு ஏப்பம் விட்டது. பிறகு சாணி போட்டது, கூழாக. டாக்டர் விலாவை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார். "பொழச்சுக்கும். இன்னைக்கு நாலு வைக்கோலத் தவிர ஒண்ணும் காட்டக் கூடாது." மாமா அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்.

அவர்கள் தெருமுனையைத் தாண்டியிருப்பார்களோ என்னவோ, எதிர்வீட்டுப் பெரியம்மா பழத்தோடு வந்துவிட்டார். "பாவம், கொலப்பட்டினியால்ல கெடக்கு. ஒரே ஒரு பழந்தான்டா." நான் கன்றுக்கு முன்னால் கையை அகல விரித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது; நகரவில்லை. பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே போனார். அடுத்தடுத்து மூன்று பேரை அப்படித் திருப்பி அனுப்பினேன்.

சாயங்காலம் மாமா வந்தார். "தள்ளு மாப்ள. சும்மா தடவிக் குடுத்துட்டுப் போறேன்."

"கையக் காட்டுங்க மாமா" என்றேன். குரல் கிறீச்சிட்டது. அடி விழும் என்று கண்ணை இடுக்கிக்கொண்டேன்.

அடி விழவில்லை. மாமா இரண்டு கைகளையும் விரித்தார். வலது கையில் ஒரு துண்டு வெல்லம் இருந்தது. அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, கன்றின் பக்கத்தில் உட்கார்ந்தார்.