தலைகீழாக மாட்டிய கீல்

எங்கள் பக்கத்தில் மூத்தார் எதிரில் தம்பி பெண்டாட்டி நின்று பேசக்கூடாது. மூத்தார் என்றால் புருஷனுடைய அண்ணன். அவர் தலை தெரிந்தால் நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். அவரும் என்னிடம் நேராகப் பேசமாட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாட்டைப் பார்த்துச் சொல்வார். "தொட்டியில தண்ணியே இல்ல போலக் கீதே" என்று மாட்டிடம் சொன்னால், நான் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கமுடியாமல் தவித்திருக்கிறேன். போகப் போகச் சிரிப்பு வரவில்லை. மாட்டிடம் சொன்ன பேச்சுக்கு மனுஷி எப்படிப் பதில் சொல்வது? அவருக்கு அது நல்ல வசதி.

பாகம் பிரித்தபோது வீட்டுக்குப் பின்னால் கால்வாய் வரைக்கும் இருந்த துண்டு நிலம் எங்களுக்கு வந்தது. அவருடைய நிலம் கால்வாய்க்கு அந்தப் பக்கம். அங்கே போவதற்கு ஏரிக்கரையை ஒட்டி நல்ல வண்டிப்பாதை இருந்தது. கொஞ்சம் சுற்று, அவ்வளவுதான். ஆனால் அவர் தினமும் காலையில் மாடுகளை எங்கள் துண்டின் குறுக்கேதான் ஓட்டிக்கொண்டு போவார். நான் அதில் கத்திரியும் கனகாம்பரமும் போட்டிருந்தேன். போகிற மாடு சும்மா போகுமா? வாய்க்கு எட்டியதைக் கடிக்கும், எட்டாததை மிதிக்கும்.

செடி போனதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் பயம் வேறு. கொஞ்ச நாள் நடந்தால் அது ஒற்றையடிப்பாதை. ஒரு தலைமுறை நடந்துவிட்டால் ஊர்வழி. அப்புறம் எந்தப் பத்திரத்தை எடுத்துக் காட்டினாலும், எங்கள் துண்டு இரண்டாகக் கிழிந்தது கிழிந்ததுதான்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். வீட்டில் இருந்ததைவிட ரோட்டில் இருந்ததுதான் அதிகம். நான் நச்சரித்த நச்சரிப்பில் ஒரு வழியாகச் சிமெண்ட் போஸ்ட் நட்டு முள்கம்பி இழுத்தார். இழுத்தவர், கால்வாய்ப் பக்கமும் வீட்டுப் பக்கமும் மாடு போகிற இடத்தை மட்டும் அப்படியே திறந்து விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால், "எங்க அண்ணன் போவ வர வேணாமா?" என்றார். யாருக்காக வேலி போட்டாரோ அவருக்கே வழியும் விட்டுவிட்டு லாரி ஏறிவிட்டார்.

கால்வாய்ப் பக்கத்து இடைவெளியை முள்கம்பி வைத்து நானே அடைத்தேன். வீட்டுப் பக்கத்துக்கு, நான் போய்வர வேண்டும் என்பதால், கேட் போடுவது என்று முடிவு செய்தேன். இது தொண்ணூறுகளின் கடைசியில்.

ஊர்க் கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். போஸ்ட்டில் துளை போட்டால் உள்ளே கம்பியில் பட்டு வெடித்துவிடும், வேண்டாம் என்றார். சொன்னது நிஜம்தான். ஆனால் மூத்தார் வீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தப் பார்வைக்காகவே அன்றைக்கே உத்திரமேரூருக்குப் பஸ் ஏறினேன். வெல்டிங் பட்டறையில் கேட்டபோது, துளையே வேண்டாம், போஸ்ட்டைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு போல்ட் முறுக்கினால் போதும், பட்டையிலேயே கீலுக்கான முளையைப் பற்றவைத்துத் தருகிறோம், அளவு மட்டும் கொண்டுவா என்றார்கள்.

நான் போஸ்ட்டின் அடிப்பாகத்தில் நூல் சுற்றி அளந்து கொடுத்தேன். சிமெண்ட் போஸ்ட் அடியில் பருத்தும் மேலே இளைத்தும் இருக்கும் என்பது கேட்டும் பட்டைகளும் வந்து மாட்டும்போதுதான் தெரிந்தது. கீழ்ப்பட்டை கச்சிதம். மேல்பட்டை தொளதொளவென்று வழுக்கிக் கீழே வந்து உட்கார்ந்தது. பழைய சைக்கிள் டியூபை அறுத்துப் போஸ்ட்டில் சுற்றி, அதன்மேல் பட்டையைப் போட்டு இறுக்கினேன். பிடித்துக்கொண்டது. செங்கல் அடுக்கி அதன்மேல் கேட்டை ஏற்றி, கேட்டில் இருந்த வளையங்களை முளைகளில் இறக்கினேன். மறுபக்கம் சங்கிலி போட்டுப் பூட்டினேன்.

மூத்தார் சம்சாரம் அவர்கள் வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவுரு போற வழியில கேட்டு போடறியே, ஊரு இன்னா பேசும்?" என்றாள்.

"பேசட்டும்க்கா. ஊர் வாய்க்கா கேட்டு போட முடியும்?" என்றேன்.

மறுநாள் நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், பூட்டும் சங்கிலியும் போட்டது போட்டபடி இருக்கிறது. கீல் பக்கம் கேட்டை அப்படியே மேலே தூக்கிக் கழற்றி, வேலியோரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். கால்வாய்ப் பக்கத்து முள்கம்பியும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கனகாம்பரப் பாத்தி முழுக்கக் குளம்படி. சாயங்காலம் மூத்தார் தண்ணீர் காட்ட மாட்டை அவிழ்த்தபடி, என் காதில் விழுகிற மாதிரி அதனிடம் சொன்னார்: "கேட்டு தானா கழண்டுகினு வுழுந்துடுச்சி. பாத்துப் போ."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் யாரிடம் போவது, மாட்டிடமா?

கேட்டுக்கு எதிரில் போய் உட்கார்ந்து அந்த இரண்டு முளைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் மேலே பார்த்து நின்றன. மேலே பார்த்து நிற்பதால்தானே தூக்கினால் வருகிறது? ஒன்று கீழே பார்த்து நின்றால்? மேல்பட்டையைக் கழற்றினேன். கேட்டைக் கீழ்முளையில் ஏற்றி நிறுத்திவிட்டு, மேல்பட்டையைத் தலைகீழாகத் திருப்பி, முளையை மேலிருந்து வளையத்துக்குள் இறக்கி முறுக்கினேன். துளை போட்டுச் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தால் இப்படித் திருப்பியிருக்க முடியாது. வேலையைத் தட்டிக்கழித்த கொத்தனாருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். நட்டு கழலாதபடி போல்ட் முனைகளையும் சுத்தியால் நசுக்கிவிட்டேன்.

விடிந்ததும் அவர் மாடுகளோடு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் போகவில்லை. கேட்டுக்கு உட்பக்கம், பாத்தி ஓரமாக நின்றேன். அவர் என்னைப் பார்க்காத மாதிரி கேட்டின் அடிக்கம்பியைப் பிடித்துத் தூக்கினார். வரவில்லை. கால் ஊன்றி இன்னொரு முறை தூக்கினார். கேட் கொஞ்சம் குலுங்கியது, அவ்வளவுதான். வழக்கம்போல மாட்டுப் பக்கம் திரும்பி, "தொறக்கச் சொல்லு" என்றார். மாடு அசை போட்டது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எத்தனை நேரம்தான் மாட்டின் முகத்தையே பார்ப்பார்?

கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"சாவி எங்க கீது?"

அத்தனை வருஷத்தில் அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது. நானும் அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னேன்.

"எங்கிட்டதான் கீது மாமா. நீங்க வர்றதுன்னா எப்ப வேணாலும் தொறக்கறேன். மாடு அந்தாண்ட ஏரிக்கர மேல சுத்திக்கினு போவட்டும்."

அவர் மாடுகளைத் திருப்பி ஏரிக்கரைப் பக்கம் ஓட்டினார். அதற்குப் பிறகு, என்னிடம் சொல்ல வேண்டியதை அவர் என்னிடமே சொன்னார்.