மகனுக்குப் போட்ட மெமோ

1957 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் விளக்குச் சிம்னிகளைத் துடைத்து, கேட் கயிற்றைச் சரிபார்த்து, காலை டியூட்டியை ஏற்றுக்கொண்டேன். ஓசூருக்கு வடக்கே, மைசூர் எல்லையை ஒட்டிய மதுவிலக்குச் சோதனைச்சாவடியில் நான் அப்போது ஏட்டு. அந்தப் பக்கம் கடை திறந்திருக்கும். இந்தப் பக்கம் குடித்திருந்தாலே கேஸ். பெங்களூர் பஸ்ஸில் வருகிறவர்களை வாயை ஊதச் சொல்வோம். விவரம் தெரிந்தவர்கள் கிராம்பு மென்றுகொண்டு வருவார்கள். அதனால் எங்களுக்குச் சாராய வாசத்தைவிடக் கிராம்பு வாசத்தின் மேல்தான் சந்தேகம் அதிகம். சந்தேகப்பட்டவரை மெமோ போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்குவது நடைமுறை.

மதியம் பஸ்ஸைச் சோதித்தவன் ரத்தினம். சேலத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள்.

"ஏட்டய்யா, பார்ட்டி முழுசா ஏத்திக்கிட்டு வந்திருக்குது. கழுத்து கோணிக்கிச்சு, நாக்கு பொரளல. கிராம்பு வேற."

அவன் கைத்தாங்கலாக இறக்கியது என் மகன் சேகரை.

சேகருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சில வாரங்கள் தூக்கமின்றிப் பேசிக்கொண்டே இருப்பான். தெருவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் விருந்துக்கு அழைப்பான். பிறகு சில வாரங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான். பெங்களூர் டாக்டர் ஒருவர் புதிதாக வந்திருந்த மாத்திரையைக் கொடுத்து வந்தார். அதைச் சாப்பிட்டால் வாய் வறளும், அதற்குத்தான் கிராம்பு. அன்று காலை டோஸைக் கூட்டி, அங்கேயே ஓர் ஊசியும் போட்டிருக்கிறார். சாவடியில் யாருக்கும் இது தெரியாது. பையன் பெங்களூரில் டைப்ரைட்டிங் படிப்பதாகச் சொல்லியிருந்தேன்.

என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல முயன்றான். தாடை இறுகியிருந்தது.

பஸ் ஜன்னலில் ஒரு மாட்டு வியாபாரி எட்டிப் பார்த்தார். "ஏட்டு மவன்தானே? உட்ருவாங்க, உட்ருவாங்க. நம்மாளா இருந்தா இந்நேரம் லாக்கப்பு."

ரத்தினத்தின் முகம் வெளுத்துவிட்டது. "தெரியாம புடிச்சுட்டனுங்க. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

வீட்டுக்குக் கொண்டுபோனால் கழுத்து நேராகிவிடாது. ஊரும் குடிகாரன் என்று முடிவுகட்டிவிடும். மெமோ எழுதினேன். எல்லோருக்கும் எழுதும் 'குடித்திருப்பதாகச் சந்தேகம்' என்ற வரியையே எழுதினேன். ரத்தினத்தோடு நானும் ஜட்காவில் ஏறினேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் வாயை முகர்ந்தார். மேலே செருகியிருந்த கண்களைப் பார்த்தார். "என்ன மருந்து சாப்பிடறான்?"

சேகரின் சட்டைப் பையிலிருந்த மாத்திரைப் புட்டியையும் பெங்களூர் டாக்டர் அன்று எழுதிய சீட்டையும் எடுத்துக் கொடுத்தேன்.

"குடி இல்ல, ஏட்டு. மருந்து ஒத்துக்கல. இப்ப சரியாயிடும்." ஊசி போட்டார். சற்று நேரத்தில் கழுத்து தானாக நிமிர்ந்தது. "நீங்களா நிறுத்திடாதீங்க. பழைய டோஸையே குடுங்க. நாளைக்கே அந்த டாக்டரப் பாத்துச் சொல்லிடுங்க."

மாலையில் சேகர் புட்டியை என் பக்கம் தள்ளினான்.

"இனி இது வேணாம்ப்பா."

முன்பு ஒருமுறை மாத்திரையை நிறுத்தியபோது அவனை அஞ்செட்டிக் காட்டில் தேடிக் கண்டுபிடித்தோம். "நிறுத்துனா என்ன ஆவும்னு தெரியுமில்ல?" என்றேன்.

"தெரியும். எனக்கு நாக்கு மடங்கிக்கிச்சு, சொல்ல முடியல. உங்களுக்கு என்ன? பக்கத்துலதான நின்னீங்க. மருந்துன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

அவன் சாப்பிடாமலே படுத்துக்கொண்டான்.

இளம் கான்ஸ்டபிள்களுக்கு நான் சொல்வது இதுதான்: தள்ளாடி வருகிறவனிடம் முதலில் கேட்க வேண்டியது மருந்தைப் பற்றி, ஊதச் சொல்வது அதற்குப் பிறகு.

மறுநாள் காலை முதல் வேலையாக, பெங்களூர் பஸ்ஸுக்குக் கிளம்பிய சேகரைச் சாவடிக்கு அழைத்துப்போய், ரோல்காலில் நின்றவர்களிடம் சொன்னேன்: "இவன் என் பையன். மனசு சரியில்லாம மாத்திரை சாப்பிடறான். நேத்து ஆனது அந்த மருந்தால."

"டைப்ரைட்டிங் படிக்கிறான்னீங்க?" என்றார் பழைய கான்ஸ்டபிள் ஒருவர்.

"படிக்கல."

ரத்தினம் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்தான். சேகர் என் கையிலிருந்த புட்டியை வாங்கி, பழைய டோஸை எடுத்து விழுங்கினான்.